முடிதான், விடு!

விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சத்தம் கேட்கும். அடிபம்பில் தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் "ஹக்... ஹக்..." என்று வறட்டுச் சத்தம் வருமே, அதே மாதிரி. கேட்டதும் யார் முதலில் எழுந்து நேற்றைய பேப்பரைக் கொண்டுபோய் விரிப்பது என்பதில்தான் போட்டி. பெரும்பாலும் அம்மா ஜெயிப்பார். ஆனாலும் பேப்பர் போய்ச் சேர்வதற்குள் குட்டி பாயிலோ, கால்மிதியிலோ, ஒருமுறை இஸ்திரி போட்டு வைத்திருந்த என் சட்டையிலோ கக்கி முடித்திருக்கும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் சுண்டுவிரல் நீளத்துக்கு, சுருட்டு மாதிரி, ஈரமாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று கிடக்கும்.

"முடிதான், விடு" என்பார் அம்மா. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வோம்.

எங்கள் பூனைக்குப் பெயர்தான் குட்டி. வயது 15. 2010-ல் திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு டீக்கடையின் விறகு அடுக்கிலிருந்து என் தங்கை துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தது. தங்கைக்குக் கல்யாணமாகிப் போய்விட்டது. குட்டி எங்களோடு தங்கிவிட்டது. 2020 மே மாதம், கொரோனா காரணமாகக் கோயம்பேடு காய்கறிச் சந்தையை மூடி, தற்காலிகச் சந்தையை எங்கள் ஊரான திருமழிசையில் திறந்தார்களே, அப்போது ராத்திரி முழுக்க லாரி ஹாரன். குட்டி ஒரு வாரம் பீரோவுக்கு அடியிலேயே கிடந்தது. அப்போது அதற்குப் பத்து வயது. பூனைகளுக்குப் பத்து வயதைத் தாண்டினால் முதுமைதான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். அவர்கள் வைத்திருக்கும் ஒப்பீட்டு அட்டவணைப்படி 12 வயதுப் பூனை மனிதக் கணக்கில் 64; 15 வயது என்றால் 76. அதாவது எங்கள் குட்டி, எங்கள் அம்மாவைவிட மூத்தது.

மாதத்துக்கு ஒருமுறை கக்கிக்கொண்டிருந்தது, வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று. பூந்தமல்லியில் ஒரு வளர்ப்புப் பிராணிக் கடையில் கேட்டோம். "ஹேர்பால் பேஸ்ட் இருக்கு சார், இனிப்பா இருக்கும், நக்கிச் சாப்பிடும்" என்று ஒரு டியூபைக் கொடுத்தார்கள். நக்கிச் சாப்பிட்டது. கக்குவது நிற்கவில்லை. இன்னொரு டியூப் வாங்கினோம். இப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது. அந்த ஆறு மாதத்தைத் தின்றது பூனையின் முடி இல்லை. "முடிதான், விடு" என்ற எங்கள் பேச்சு. முதிய பூனை வளர்க்கிற வீடுகளில் அதே பேச்சு இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

உப்புத்தாள் நாக்கு

பூனை நக்கி, விரலில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாக்கா அது, உப்புத்தாள். அந்தச் சொரசொரப்பு முழுக்கத் தொண்டையைப் பார்த்து வளைந்த முட்கள். நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ என்ற இருவர் வீட்டுப் பூனையில் தொடங்கிப் பனிச்சிறுத்தை, புலி, சிங்கம் வரை நாக்குகளை ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியும் குழிந்த கரண்டி மாதிரி இருக்கிறது. எச்சிலை முகந்துகொண்டுபோய் முடிக்காட்டின் அடியில், தோல் வரைக்கும் விடுகிறது. குளிக்காமலே பூனை சுத்தமாக இருக்கும் ரகசியம் இதுதான். விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய கால்வாசியை அது இந்த வேலைக்கே செலவழிக்கிறது.

அந்த முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதுதான் சிக்கல். நாக்கில் மாட்டிய முடியைப் பூனையால் துப்ப முடியாது. விழுங்கத்தான் வேண்டும். விழுங்கியதில் பெரும்பகுதி குடல்வழியே இறங்கி மலத்தோடு போய்விடும். பூனையின் மலத்தைக் குச்சியால் பிரித்துப் பார்த்தால் நெய்த மாதிரி முடி தெரியும் (பார்க்கத்தான் வேண்டும், முகம் சுளித்தால் ஆகாது). இறங்காமல் இரைப்பையில் தங்கியது மட்டும்தான் சேர்ந்து மேலே வருகிறது. உருண்டை என்று பெயரே தவிர, வரும்போது உணவுக்குழாயில் நசுங்கிச் சுருட்டு வடிவில்தான் வரும். முன்பின் தெரியாதவர்கள் பூனை மலம் கழித்துவிட்டது என்று அதைத் திட்டுவதும் உண்டு.

ஏன் இறங்காமல் தங்குகிறது? மனிதன், நாய் இரண்டுக்கும் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவில் வயிறு காலியாக இருக்கும்போது, இரைப்பையில் ஒரு பலத்த அலை எழுந்து மிச்சம்மீதியைத் துடைப்பம் போட்டுப் பெருக்குகிற மாதிரி கீழே தள்ளும். பூனைக்கு அந்தத் துடைப்பம் கிடையாது. அதைவிட வலுக்குறைந்த வேறொரு அசைவுதான். ஆரோக்கியமான பூனைக்கே குடல் தள்ளுவது மட்டு என்னும்போது, குடலில் நோயும் சேர்ந்தால் முடி எங்கே போகும்?

கால்நடைகளின் வயிற்றில் இப்படி இறுகிப்போகும் கட்டிகளுக்கு ஒரு காலத்தில் ராஜமரியாதை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டின் வயிற்றிலிருந்து எடுக்கும் கல்லைப் பாரசீகர்கள் விஷமுறிவு என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். ஐரோப்பிய அரசர்கள் அதைப் பொன்கூட்டில் பூட்டி வைத்தார்கள். அசல் போதாமல் போகவே, 17-ம் நூற்றாண்டில் கோவாவிலிருந்த ஏசு சபைத் துறவிகள் அதே மாதிரி செயற்கையாகச் செய்து விற்றார்கள். எங்கள் வீட்டுக் கால்மிதியில் கிடந்ததற்கு அந்த மதிப்பு யாரும் தரவில்லை.

டாக்டரம்மா கேட்ட கேள்வி

ஏழாவது மாதம்தான் மருத்துவரிடம் போனோம். போன காரணமும் வாந்தி இல்லை. மளிகைக் கடை. குட்டியைத் தூக்கும்போது முதுகெலும்பு விரலில் மணி மணியாக இடறியது. தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. கட்டைப்பையில் குட்டியை வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய, பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தோம். பையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 3 கிலோ 200 கிராம். போன வருஷம் தடுப்பூசி போடும்போது எழுதிக்கொடுத்த சீட்டில் 4 கிலோ 100 கிராம் என்றிருந்தது.

"ஒரு கிலோ துவரம்பருப்பு அளவு எறங்கிடுச்சே தம்பி" என்றார் அண்ணாச்சி. கேலியாகச் சொல்லவில்லை. நாலு கிலோ உடம்பில் தொள்ளாயிரம் கிராம் போவது, எண்பது கிலோ ஆளுக்குப் பதினேழு, பதினெட்டுக் கிலோ இளைப்பது மாதிரி.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. குட்டியின் வயிற்றை இரண்டு கைகளாலும் பிசைந்துகொண்டே கேட்டார்.

"எத்தனை நாளைக்கு ஒரு வாட்டி கக்குது?"

"அடிக்கடி டாக்டர்."

"அடிக்கடின்னா?"

எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா "வாரத்துக்கு ஒண்ணு" என்றார், மனைவி "இல்லத்தே, போன வாரமே மூணு" என்றாள்.

"எல்லாத்துலயும் முடி இருந்துச்சா? இல்ல, வெறும் தண்ணி, மஞ்சளா நுரை, செரிக்காத சாப்பாடு அப்படி ஏதாவது?"

அதுவும் தெரியவில்லை. பிறகு அவர் ஒன்று சொன்னார். அதைத்தான் நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். "வயசானா பூனை நக்குறது குறையும் சார். முதுகு வளையாது, மூட்டு வலிக்கும். இதோட முதுகுல பாருங்க, முடி கொத்துக் கொத்தா சிக்குப் பிடிச்சிருக்கு. நக்குறது குறைஞ்சா உள்ள போற முடியும் குறையணும் இல்லையா? அப்புறம் எப்படி முடி கக்குறது மட்டும் கூடும்?"

குட்டியின் இடுப்புப் பக்கத்தில் சிக்கு இருந்தது உண்மை. வெயில் காலம், முடி கொட்டுகிறது என்று நினைத்திருந்தோம்.

முடி கக்குவது கூடினால் காரணம் இரண்டில் ஒன்று. வழக்கத்துக்கு மேல் முடியை விழுங்குகிறது. அல்லது விழுங்கியதைக் குடல் தள்ளவில்லை. மார்த்தா கேனன் என்ற பிரிட்டன் பூனை மருத்துவர் 2013-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் இந்த இரண்டு வழியில்தான் விஷயத்தைப் பிரிக்கிறது. இளம் பூனை என்றால் முதல் வழி: தெள்ளுப்பூச்சி, தோல் அரிப்பு, பதற்றம், அல்லது இப்போது ஆவடி, அம்பத்தூர் அடுக்குமாடிகளில் எல்லாம் பிரியமாக வாங்கி வளர்க்கும் பெர்ஷியன் மாதிரி நீண்ட முடி. கிழப்பூனைக்குப் பெரும்பாலும் இரண்டாவது வழிதான். அதே 2013-ல் டெக்சாஸில் கேரி நார்ஸ்வர்தி குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாள்பட்ட வாந்தி, பேதி, எடை இழப்பு என்று வந்து, ஸ்கேனில் சிறுகுடல் சுவர் தடித்திருந்த 100 பூனைகளின் குடலிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். 99 பூனைகளுக்கு நாள்பட்ட குடல் நோய். பெரும்பாலும் குடல் அழற்சி அல்லது லிம்போமா என்ற புற்றுநோய். "வேகமா தின்னும், அதான்", "அதுக்கு வயிறே அப்படித்தான்", "முடிதான்" என்று உலகம் முழுக்கப் பூனை வளர்ப்பவர்கள் ஒரே சமாதானத்தைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஒரே சாலை, 25 கிலோமீட்டர்

ஸ்கேனுக்கு வேப்பேரி போகச் சொன்னார்கள். திருமழிசையில் ஏறினால் பூந்தமல்லி, மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை, கீழ்ப்பாக்கம் என்று ஏறக்குறைய ஒரே நேர் சாலை, 25 கிலோமீட்டர் சொச்சம். மூடி போட்ட பிளாஸ்டிக் காய்கறிக் கூடையில் வைத்து, மேலே பழைய புடவையைச் சுற்றி ஆட்டோவில் போனோம். வழி முழுக்க அது போட்ட சத்தத்தில் மதுரவாயல் சிக்னலில் பக்கத்து பஸ்காரர்கள் குனிந்து பார்த்தார்கள். வேப்பேரியிலிருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. 1989-லிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு ஸ்கேன், எக்ஸ்ரே என்று வந்துவிட்டால் மனதில் முதலில் வரும் இடம் இன்றைக்கும் அதுதான். காலையிலேயே போய்விட வேண்டும்.

ரத்தத்தில் கிரியாட்டினின் கூடியிருந்தது: சிறுநீரகத் தேய்வின் தொடக்கம். ஆச்சரியம் இல்லை, பத்து வயது தாண்டிய பூனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு இது வருகிறது. தைராய்டு சரியாக இருந்தது. நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போய், வாந்தியும் எடுக்கிற முதிய பூனைக்கு அதை அவசியம் பார்ப்பார்கள். வயிற்று முடியை மழித்து ஸ்கேன் எடுத்ததில் சிறுகுடல் சுவர் தடித்திருந்தது. அழற்சியா, புற்றா என்று உறுதியாகச் சொல்ல மயக்க மருந்து கொடுத்துச் சதை எடுக்க வேண்டும். 15 வயது, சிறுநீரகமும் சரியில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அது சரியான முடிவுதானா என்று இப்போதும் சில ராத்திரி யோசிப்பதுண்டு. முதலில் உணவை மாற்றிப் பார்ப்பது, போதாவிட்டால் குறைந்த அளவு ஸ்டீராய்டு, கூடவே வாரம் ஒரு பி12 ஊசி ஆறு வாரத்துக்கு. குடல் கெட்டால் பி12 உடம்பில் ஏறாது. அது ஏறாவிட்டால் பசியும் வராது.

இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். பெருங்குடல் முழுக்க மலம், கல் மாதிரி.

மலச்சிக்கல் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை, வாந்தி எடுக்கிற பூனைக்கு மலக்கட்டு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? ஆனால் மலம் கழிக்க முக்கி முக்கிப் பார்த்துவிட்டு வந்து உடனே வாந்தி எடுப்பது கிழப்பூனைகளிடம் சாதாரணம். சிறுநீரகம் தேய்ந்தால் உடம்பிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். வெளியேறிய நீரை ஈடுகட்ட உடம்பு மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சும். மலம் காய்ந்து இறுகும். அதன் மேல் மூட்டுவலி. 2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. மண் நிரப்பிய தட்டின் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க வலித்தால், பூனை போவதைத் தள்ளிப்போடும். தள்ளிப்போடப் போட இன்னும் இறுகும்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மா குட்டியின் மணல் தட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "ஆட்டுப் புழுக்கை மாதிரி இருக்குடா." ஈரமில்லாமல், துண்டு துண்டாக, சிறியதாக. ஆரோக்கியமான மலம் ஈரத்தோடு ஒரே நீளமாக, மணல் ஒட்டிக்கொள்ளும்படி இருக்கும். பழைய பிளாஸ்டிக் டப்பின் ஒரு பக்கத்தைச் சூடு காட்டிய கத்தியால் வெட்டி, வாசல் மாதிரி தாழ்த்தி வைத்தேன். செலவு ஒன்றும் இல்லை. மறுநாளே அதில் போனது.

கைவைத்தியம்

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு வைத்தியம் தெரியும். அதில் சில நல்லவை, சில கொன்றுவிடும்.

பாலில் ஆரம்பிப்போம். பூனை என்றாலே பால்தான் நமக்கு. பாற்கடலை நக்கியே குடித்துவிடப் போன பூனையாகக் கம்பன் அவையடக்கத்தில் தன்னைச் சொல்லிக்கொண்டதிலிருந்து, இல்லை, அதற்கும் முன்னாலிருந்தே இந்த நினைப்பு இருக்கிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது. பேதி, வாயு. குடலில் நோயுள்ள கிழப்பூனைக்குப் பால்சாதம் வைப்பது புண்ணில் உப்பு வைப்பதுதான். மீன்குழம்புச் சாதமும் அப்படியே: அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கிறது, இரண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கருவாட்டில் உப்பு. ஈரல் ருசி என்று தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பில் கோளாறு.

தொண்டையில் முடி சிக்கியிருக்கிறது என்று விளக்கெண்ணெயையோ, தேங்காய் எண்ணெயையோ, மருந்துக் கடை லிக்விட் பாரஃபினையோ சிரிஞ்சில் எடுத்து வாயில் பீய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். பாரஃபினுக்கு மணமும் கிடையாது, ருசியும் கிடையாது. பூனைக்கு இருமல்கூட வராமல் நழுவி நுரையீரலுக்குள் போய்விடும். அங்கே போன எண்ணெயை எடுக்க வழியில்லை. மலச்சிக்கலுக்கு மனிதர்களுக்கு வைக்கும் பாஸ்பேட் எனிமா பூனையின் உயிரை எடுத்துவிடும். பாரசிட்டமால் அதைவிட மோசம். அதை உடைத்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. ஒரு மாத்திரை போதும், ஈறு பழுப்பாகி, மூச்சு வாங்கி, ஒரு நாளில் முடிந்துவிடும். "குழந்தைக்குக் கொடுக்கிற சிரப்தானே" என்று கால் மூடி கொடுப்பவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன்.

குப்பைமேனியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக. எங்கள் தெருவில் சாக்கடை ஓரமெல்லாம் முளைக்கிற செடி. அதற்குப் பூனைவணங்கி என்றும் பெயர். வேரோடு பிடுங்கிப் போட்டுப் பாருங்கள், எங்கிருந்தோ பூனைகள் வரும். வேரில் முகத்தைத் தேய்க்கும், உருளும், எச்சில் ஒழுக மயங்கிக் கிடக்கும். நம் முன்னோர்கள் பெயரிலேயே வைத்துவிட்ட இந்தச் செய்தியை, 2016-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வேதியியலாக எழுதினார்கள்: மேல்நாட்டில் பூனைகள் கிறங்கும் கேட்னிப் செடியில் இருப்பதன் உறவுக்காரப் பொருள்கள்தான் இந்த வேரிலும் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் தீவில் காட்டில் திரியும் பூனைகளைப் பொறிக்கு வரவழைக்க உதவுமா என்று தேடியபோது பிடிபட்டது. நம் வைத்தியத்தில் இலைச்சாறு வாந்தி எடுக்க வைக்கிற மருந்து. அதனால் வேரை மோந்து உருள்வதோடு சரி. முடியை வெளியே கொண்டுவரச் சாறு பிழிந்து கொடுப்பது ஏற்கெனவே வாந்தியால் வற்றிப்போன பூனையை இன்னும் வற்றவைக்கும். தொட்டியில் கோதுமை முளைக்கவிட்டு வைத்தால் புல்லைத் தானே கடித்துக்கொள்ளும். புல் தின்கிற பூனைகளில் பெரும்பாலானவை அதற்கு முன் நோயாளியாகவே தெரிவதில்லை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனை வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்த கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தின்னட்டும்.

நல்லவை என்று சொன்னேனே: வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு டீஸ்பூன், உப்பில்லாமல், கோழிக்கறியோடு பிசைந்து. இசப்கோல் உமி ஒரு சிட்டிகை, ஊறவைத்து. வழுவழுப்பான இந்த நார் மலத்தை இளக்குவதோடு முடியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஆனால் தண்ணீர் போதாத பூனைக்கு நார் கொடுத்தால் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தோம். எங்களுக்கு லாக்டுலோஸ் சிரப்பும் எழுதிக் கொடுத்தார்.

பூனை பாலைவனத்து விலங்கு. தாகம் எடுத்தாலும் காட்டாது, இரையின் ஈரத்தில் வாழப் பழகிய உடம்பு. காய்ந்த மணி உணவிலேயே பத்து வருஷம் ஓட்டிய குட்டிக்கு இப்போது வேகவைத்த மீனும் கோழியும் வெந்த தண்ணீரோடு கஞ்சி மாதிரி, மருத்துவர் சொன்ன உணவோடு கலந்து, நாளைக்கு நாலைந்து வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. கறி மட்டும் வைத்தாலும் போதாது. டாரின் என்ற சத்து குறைந்தால் இதயம் வீங்கும் என்பதை 1987-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், அதனால்தான் தயார் உணவுகளில் அதைச் சேர்க்கிறார்கள். தண்ணீர் நாலு இடத்தில். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த கிண்ணத்தை அது தொடவில்லை. துளசி மாடத்துக்குக் கீழே வைத்த மண்சட்டியில்தான் குடிக்கிறது.

சீப்புக்கு எங்கும் அலைய வேண்டாம். வீட்டில் இருந்த பழைய பேன் சீப்பு. அது முடியையும் வாரும், தெள்ளுப்பூச்சியையும் காட்டிக்கொடுக்கும். தினமும் ஐந்து நிமிஷம், வெயில் விழுகிற ஜன்னலோரம். வலிக்கிற இடுப்பில் அழுத்தக் கூடாது. சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டப் போய்த் தோலையும் வெட்டிவிட்டவர்கள் உண்டு. கிழப்பூனையின் தோல் மெல்லியது.

மாத்திரை கொடுப்பதுதான் இன்னும் கைவராத வித்தை. திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது: குட்டியைக் கழுத்தில் கவ்வித் தூக்கும் தாய்ப்பூனையைக் காட்டித்தான் தென்கலையார் சரணாகதிக்கு மார்ஜார நியாயம் என்று பெயர் வைத்தார்கள். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி வடகலையாருக்கு. அந்த நினைப்பில் பிடரியைப் பிடித்துத் தூக்கினேன். குட்டி கையைக் கிழித்துவிட்டது. வளர்ந்த பூனையை, அதிலும் மூட்டுவலிக்காரியை, பிடரியில் தூக்கக் கூடாதாம். துண்டில் சுற்றி மடியில் வைத்து, மாத்திரைக்குப் பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரையும் விட்டால் இறங்குகிறது. தண்ணீர் விடாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

திரும்பத் திரும்ப உமட்டி, எதுவும் வெளியே வராமல், சாப்பிடாமல், மூலையில் போய் ஒடுங்கினால் அன்றைக்கே ஓட வேண்டும். முடி குடலில் அடைத்திருக்கலாம். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். இரண்டு நாளாக மலமே போகவில்லை என்றாலும் காட்ட வேண்டும். கடுவன் பூனை முக்கிக்கொண்டே இருந்தால் மலச்சிக்கல் என்று நினைத்துவிடாதீர்கள். மூத்திரம் அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். கழுத்தை நீட்டித் தரையோடு படுத்து "ஹக் ஹக்" என்று இழுத்து, முடியே வராவிட்டால் அது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு முன்னால் ஒருநாளும் செய்து காட்டாது.

அப்புறம், பூ நூல். வெள்ளிக்கிழமை தலையிலிருந்து எடுத்துப் போட்ட வாடிய மல்லிகைச் சரத்தின் நூலைப் பூனை நக்க ஆரம்பித்தால், நாக்கின் முள் அதை உள்ளே இழுத்துக்கொண்டே போகும், துப்ப முடியாது. ஒரு முனை நாக்கடியில் மாட்டி, மறுமுனை குடலில் இறங்கினால், குடல் சுருக்குப்பை மாதிரி சுருங்கி நூல் அறுத்துக்கொண்டு போகும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டும். மாஞ்சா நூலுக்கும் இதேதான்.

பால் கணக்கு

டாக்டரம்மா கேட்ட "அடிக்கடின்னா?" என்ற கேள்விக்கு இப்போது எங்களிடம் பதில் இருக்கிறது. சமையலறையில் மாதக் காலண்டர் தொங்குகிறது. பால் வராத நாளுக்கு அம்மா அதில் பெருக்கல் குறி போடுவார். அதே கட்டத்தில் கீழே பென்சிலால் குட்டிக்கும் ஒரு கணக்கு: முடியோடு கக்கினால் "மு", வெறும் வாந்தி என்றால் "வா", வெளிக்குப் போனால் "வெ". மாதம் முதல் ஞாயிறு அண்ணாச்சி கடையில் நிறுத்து, எடை. முதல் மாதத்துப் பக்கத்தில் மு மூன்று, வா ஒன்பது. மொத்தம் பன்னிரண்டில் முடி வந்தது மூன்றே தடவைதான். அதைப் பார்த்தபோதுதான் "முடிதான்" என்று நாங்கள் எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது புரிந்தது. உணவு மாற்றிய இரண்டாம் மாதம் வா நான்கு. ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு ஒன்று, இரண்டு. எடை 3 கிலோ 450-ல் நிற்கிறது. ஏறாது போலிருக்கிறது, இறங்காமலிருந்தால் போதும் என்கிறார் மருத்துவர்.

போன வாரம் காலண்டரைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் "சு" என்று ஒரு புது எழுத்து. பயந்துபோய் அம்மாவைக் கேட்டேன்.

"சும்மா உக்காந்திருந்துச்சுடா, நாள் முழுக்க. ஒண்ணும் பண்ணல" என்றார். "அதையும் எழுதணும்ல?"